மறுக்கத் தெரிந்த நாயகிகள்



காதல் நாவலையும் இளையோர் நாவலையும் இலக்கியத்தின் திண்ணையோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பதில்லை. இந்தத் தலைப்பில் நான் பேச இசைந்த, இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவுக்கு அதனாலேயே என் நன்றி.

கடந்த சில ஆண்டுகளாக நான் அதிகம் படித்தவை இவ்வகை நாவல்கள்தான். பெரும்பாலும் ஆங்கில நாவல்கள். மாணவிகள் விடுதியில் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி என்னிடம் வந்து சேர்ந்தவை. சிலவற்றை மிகவும் விரும்பினேன். சிலவற்றின்மேல் கடும் கோபம் வந்தது. விருப்பத்துக்கும் கோபத்துக்கும் காரணம் ஒன்றே என்பது போகப் போகத் தெரிந்தது.

ஒரு காதல் நாவலை எடுத்தால் நான் முதலில் தேடுவது மறுப்பு வரும் இடத்தைத்தான். நாயகி 'வேண்டாம்' என்கிறாள். அதற்கடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது? அந்தச் சொல்லைக் கேட்டவன் என்ன செய்கிறான்? எழுதியவர் அந்தச் சொல்லை மதிக்கிறாரா, அல்லது கதை நீள்வதற்கான தடைக்கல்லாக மட்டும் வைத்திருக்கிறாரா? நாவலின் தரம் பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடுகிறது.

காதல் நாவலில் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இவ்வகைக்கு வகுத்த இலக்கணத்தில் இரண்டே கூறுகள்: மையத்தில் ஒரு காதல் கதை இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இறுதியில் 'சரி' வந்தே தீரும் என்று வாசகிக்குத் தெரியும். அதனால் அந்தச் 'சரி'யில் எழுத்தாளருக்குச் சோதனை இல்லை. அதற்குமுன் வரும் 'வேண்டாம்' உண்மையானதாக இருக்கிறதா என்பதில்தான் சோதனை. மறுக்க முடியாதவள் கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இந்த வகையின் தாய்வீட்டிலேயே தொடங்குகிறேன். ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813இல் வந்தது. அதில் எலிசபெத் பென்னட்டிடம் இரண்டு ஆண்கள் திருமணம் கேட்கிறார்கள். இருவரையும் அவள் மறுக்கிறாள். முதலில் வருபவர் பாதிரியார் காலின்ஸ். அவள் வேண்டாம் என்றதும் அவர் வருந்தவில்லை, கோபப்படவும் இல்லை. பெண்கள் முதல் முறை மறுப்பது வழக்கம்தான், இரண்டாம் முறை, மூன்றாம் முறைகூட மறுப்பார்கள் என்று அவளுக்கே விளக்கம் சொல்கிறார். தன் மனத்தை அறிவோடு பேசுகிற மனுஷியாக என்னைப் பாருங்கள் என்று அவள் கெஞ்சாத குறை. அவர் காதில் விழுவதாயில்லை. பள்ளிக்கூடங்களில் இந்தக் காட்சியை நகைச்சுவையாக நடத்துகிறார்கள். எனக்கு அது அச்சமூட்டும் காட்சி. ஒரு பெண் எதைச் சொன்னாலும் அதைச் சம்மதமாகவே கேட்கும் செவி ஒன்றை ஆஸ்டின் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்முன் நிறுத்திவிட்டார்.

இரண்டாவதாக வருபவர் டார்சி. அவருக்கும் மறுப்புத்தான். அதுவும் கடுமையான மறுப்பு. அவருடைய செருக்கைச் சுட்டிக்காட்டி, பண்புள்ளவராக நீங்கள் நடந்துகொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவரைப் பல மாதங்கள் அரித்தெடுக்கிறது. நாவலின் கடைசியில் மீண்டும் அவளிடம் பேசும்போது, உன் மனம் என்னை மறுத்த ஏப்ரல் மாதம் இருந்ததுபோலவே இப்போதும் இருந்தால் சொல்லிவிடு, அதன்பின் இதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன் என்கிறார். பத்தாயிரம் பவுண்டு ஆண்டு வருமானமும் பெம்பர்லி மாளிகையும் டார்சியை நாயகனாக்கவில்லை. மறுப்பைக் காதில் வாங்கிக்கொண்டதுதான் அவரை நாயகனாக்கியது. காலின்ஸுக்கும் டார்சிக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவுதான் பின்னால் வந்த காதல் நாவல்கள் அத்தனைக்கும் அளவுகோல் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலைப் பலர் தொலைத்துவிட்டார்கள். லண்டனில் 1908இல் தொடங்கப்பட்டு 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் கைக்குப் போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் நாவல்களை நம் ஊர் வாடகை நூலகங்களில் எடுத்துப் படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவற்றின் பழைய தலைமுறை நாவல்களில் தண்டிப்பதற்காகவே கொடுக்கப்படும் முத்தம் ஒன்று அடிக்கடி வரும். அவள் திமிறுவாள், பிறகு மயங்குவாள். அவளுடைய சொல் ஒன்று, உடல் வேறொன்று, உடல் சொல்வதே உண்மை என்ற பாடம் அதில் இருக்கிறது. இது காலின்ஸின் தர்க்கம்தான். டார்சியின் உடையை உடுத்தி வந்துவிட்டது, அவ்வளவே.

'ட்வைலைட்' பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. ஸ்டெஃபனி மேயர் 2005இல் வெளியிட்ட அந்த முதல் நாவலும் தொடர்ந்து வந்த மூன்றும் ஒரு தலைமுறையின் காதல் கற்பனையையே வடிவமைத்தவை. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்னும் மழையூரில் பதினேழு வயது பெல்லா, எட்வர்ட் என்ற இரத்தக்காட்டேரி இளைஞனைக் காதலிக்கிறாள். அந்த வயதின் ஏக்கத்தை மேயர் எழுதியிருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். விரும்புகிறவள் பெண், விலகி நிற்கிறவன் ஆண் என்று அவர் மாற்றிப் போட்டிருப்பதும் துணிச்சல்தான். பெல்லாவின் ஆசையை அவர் எங்கும் அசிங்கப்படுத்தவில்லை. இந்த நாவலை எள்ளி நகையாடுகிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பதினைந்து வயதுப் பெண்கள் ஒன்றை விழுந்து விழுந்து படித்தாலே அது மட்டமானதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம்.

ஆனால் மூன்றாம் நாவலான 'எக்லிப்ஸ்' எனக்கு நெருடியது, இன்னும் நெருடுகிறது. நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகவிடாமல் தடுக்க, பெல்லாவின் வண்டி எஞ்சினில் ஒரு பாகத்தை எட்வர்ட் கழற்றி வைக்கிறான். அவள் பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்படுகிறது. அதே நாவலில் ஜேக்கப் அவளை வலிய முத்தமிடுகிறான். அவள் அவன் முகத்தில் குத்துகிறாள். குத்திய கை முறிந்துபோகிறது. வீட்டுக்கு வந்தால், காவல்துறை அதிகாரியான அவளுடைய தந்தை அந்தப் பையனைப் பாராட்டுகிறார். நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் அது. எட்வர்டின் கண்காணிப்பைக்கூடக் காட்டேரிக் கதையின் மிகையென்று தள்ளிவிடலாம். தந்தையின் அந்தப் பாராட்டில் மாயம் எதுவும் இல்லையே. மகள் தன் கை முறியும் அளவுக்கு மறுத்திருக்கிறாள். அது அந்த வீட்டில் ஒரு செய்தியாகவே இல்லை. எழுத்தாளருக்கும் அதில் பெரிய குறை தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் ஊரில் இது வெறும் கதை விவகாரம் அன்று. மறுத்தாள் என்பதற்காக ரயில் நிலையத்திலும் கல்லூரி வாசலிலும் பெண்கள் கொல்லப்பட்ட செய்திகளைச் சென்னை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் மனம் கனிந்துவிடும் என்று நம் திரைப்படங்கள் எத்தனையோ பாட்டுகளில் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஒரு நாவலோ ஒரு படமோ கொலை செய்யவைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுப்பு என்றால் என்ன என்று ஒரு சமூகம் கதைகள் வழியாகவும் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் அந்தப் பக்கத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறேன்.

நம் பழைய மரபில் மறுப்புக்கு மதிப்பான இடம் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அகப்பொருள் துறைகளில் சேட்படை என்று ஒன்று உண்டு. தலைவன் தழையோ பூவோ கையுறையாகக் கொண்டுவருகிறான்; தோழி அதை ஏற்க மறுத்து அவனைத் தூரத்தில் நிறுத்துகிறாள். திருக்கோவையாரில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தலைவன் தன் அன்பின் உறுதியைக் காட்டக் கிடைத்த காலம் அது. மடலேறுவேன் என்று அவன் மிரட்டுகிற துறையும் அதே மரபில்தான் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஊரறியத் தன்னை வதைத்துக்கொண்டு அவளை நெருக்குவது அது. இரண்டையும் சேர்த்தே நாம் பெற்றிருக்கிறோம். எதை வளர்த்தெடுத்தோம் என்பதற்குத் திரையரங்குகளே சாட்சி.

இனி, நான் நேசித்த நாவல்களுக்கு வருகிறேன்.

ஜான் க்ரீன் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' 2012இல் வெளிவந்தது. எழுத்தாளராகும் முன் குழந்தைகள் மருத்துவமனையில் சமயத் துணையாளராகச் சில காலம் பணியாற்றியவர் க்ரீன். ஹேசல் கிரேஸுக்குப் பதினாறு வயது. தைராய்டுப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டே நடக்கிறாள். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த அகஸ்டஸ் அவளை நேசிக்கிறான். தான் ஒரு கையெறி குண்டு, என்றோ ஒருநாள் வெடிக்கும்போது அருகில் இருப்பவர்கள் சிதறிப்போவார்கள் என்று அவள் நினைக்கிறாள். அதனால் அவனை முத்தமிட முடியாது என்று குறுஞ்செய்தி அனுப்புகிறாள். நான் படித்த மறுப்புகளிலேயே அன்பு மிகுந்த மறுப்பு இது. அகஸ்டஸ் அதை ஏற்றுக்கொள்கிறான். நண்பனாக அருகிலேயே இருக்கிறான். அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தபோது உள்ளே போக முடியாமல் வெளியே காத்துக் கிடக்கிறான். அவன் விரும்புவதை நிறுத்தவும் இல்லை, நெருக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பதினேழு வயதில் எவ்வளவு கடினம்!

இந்த நாவலின் மேல் எனக்குக் குறையும் உண்டு. இருவரும் பேசுவது சில இடங்களில் இளைஞர்கள் பேசுவதாக இல்லை, மேடையில் உரையாற்றுவதாக இருக்கிறது. அகஸ்டஸ் பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு அதற்குத் தத்துவம் சொல்லும் இடம் எனக்கு ஒட்டவேயில்லை. ஆனால் நாவலின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. ஹேசலுக்குப் பிடித்த ஒரு கற்பனை நாவல், வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோகிறது. அதில் வரும் பெண் இறந்தபின் அவளுடைய அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்காகவே அந்த எழுத்தாளரைத் தேடி ஆம்ஸ்டர்டாம் போகிறாள். அவள் உண்மையில் கேட்பது, நான் போனபின் என் அம்மா என்ன ஆவாள் என்பதைத்தான். எழுத்தாளரிடமிருந்து பதில் கிடைப்பதில்லை. பின்னர் தன் வீட்டிலேயே கிடைக்கிறது: அம்மா அவளுக்குத் தெரியாமல் சமூகப்பணிப் படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள். மகளுக்குப் பிறகும் ஒரு வாழ்க்கையை யோசிப்பது மகளுக்குச் செய்யும் துரோகமோ என்று அஞ்சி மறைத்திருக்கிறாள். ஹேசல் அதைக் கேட்டு மகிழ்கிறாள். அந்தப் பக்கங்களில் நான் அழுதேன். 2020இல் ஏ.ஆர். ரகுமான் இசையோடு இந்தியில் 'தில் பேச்சாரா' என்று இக்கதை படமாக வந்தபோது பார்த்தவர்கள் நாவலையும் ஒருமுறை படியுங்கள். காதலர்களின் கதையாக நினைவில் நிற்கும் இது, பெற்றோர் கதையாகவும் அவ்வளவே ஆழமானது.

ரெயின்போ ரோவலின் 'எலினார் அண்ட் பார்க்' 1986ஆம் ஆண்டு நெப்ராஸ்காவின் ஓமஹா நகரில் நடக்கிறது. பள்ளிப் பேருந்தில் வேறு இடம் இல்லாமல் ஒருவர் அருகில் ஒருவர் உட்கார நேர்ந்த இரண்டு பதினாறு வயதினர். பார்க் படிக்கும் காமிக்ஸை எலினார் ஓரக்கண்ணால் படிக்கிறாள். அவன் அதைக் கவனித்து, பக்கத்தைப் புரட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். ஒரு சொல்லும் பேசாமல் காதல் தொடங்கிவிட்டது. எலினார் வீட்டில் மாற்றாந்தந்தை ஒருவன். குளியலறைக்குக் கதவுகூட இல்லாத வீடு அது. அங்கிருந்து தப்பித்துச் செயின்ட் பால் நகரில் மாமா வீட்டுக்குப் போனபின் பார்க்கின் கடிதங்களுக்கு அவள் பதில் எழுதுவதில்லை. மாதக்கணக்கில் எழுதுவதில்லை. அவன் வந்து கதவைத் தட்டவில்லை. நாவலின் கடைசியில் ஓர் அஞ்சலட்டை வருகிறது, அதில் மூன்றே சொற்கள். எந்த மூன்று என்று ரோவல் எழுதவில்லை. என் மாணவிகள் அந்த மூன்று சொற்களுக்காக வகுப்பறையில் சண்டையே போட்டார்கள். பார்க்கின் கொரிய வேரை ரோவல் எழுதிய விதம் மேலோட்டமானது என்று கொரிய அமெரிக்க வாசகர்கள் சொன்ன குறை நியாயமானது. அவன் அம்மாவைப் பற்றிய வருணனைகள் எனக்கும் உறுத்தின. என்றாலும் பேருந்தில் பக்கம் புரட்டும் அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

இந்திய வாசகியர்க்கு நெருக்கமான நாவல் ஒன்று: சந்தியா மேனன் 2017இல் எழுதிய 'வென் டிம்பிள் மெட் ரிஷி'. கலிஃபோர்னியாவில் வளர்ந்த டிம்பிள் ஷா கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு கோடைப் பயிற்சிக்குப் போகிறாள். அங்கே ரிஷி பட்டேல் வருகிறான். இரு வீட்டாரும் பேசி வைத்திருப்பது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வருங்கால மனைவியே என்று அவன் வாஞ்சையோடு அழைத்ததும் கையிலிருந்த குளிர்ந்த காபியை அவன்மேல் வீசிவிட்டு ஓடுகிறாள். சிரிப்பு வரவைக்கும் தொடக்கம். ஆனால் அடுத்த பக்கத்தைப் பாருங்கள்: அவளுக்கு எதுவுமே சொல்லப்படவில்லை என்று தெரிந்தவுடன் ரிஷி வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறான், ஊருக்குத் திரும்பவும் தயாராகிறான். மரபை நேசிக்கிற பையன் அவன். மரபை நேசிப்பவன் ஒரு பெண்ணின் விருப்பத்தை மிதிப்பவனாக இருக்க வேண்டியதில்லை என்று மேனன் காட்டியிருப்பது நம் பிள்ளைகளுக்குத் தேவையானது. நாவலின் பிற்பாதி சற்று இழுவை. திறன் போட்டி, ஆட்டம் என்று கதை சிதறுகிறது.

சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' (2018) இளையோர் நாவல் என்று அடுக்கப்படுவதில்லை. என்றாலும் அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றில் பள்ளி இறுதியாண்டில் தொடங்கி டப்ளின் டிரினிட்டி கல்லூரி வரை போகும், கானல், மரியான் இருவரின் காதல் கதை அது. கானலின் அம்மா, மரியான் வீட்டில் துப்புரவு வேலை செய்பவர். பின்னாளில் கானலுக்கு உணவகத்தில் வேலை குறைந்து வாடகை கொடுக்க முடியாமல் போகிறது. கோடை முழுவதும் மரியான் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். அவனால் கேட்க முடிவதில்லை. ஊருக்குப் போகிறேன், நீ வேறு யாரையாவது பார்க்க விரும்புவாய் என்று எதையோ சொல்லிவைக்கிறான். அவளும் அதை மறுக்காமல் விட்டுவிடுகிறாள். பிரிந்துவிடுகிறார்கள். இருவரில் யாரும் வேண்டாம் என்று சொல்லவேயில்லை! பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒருபோதும் வராத கூச்சம் அவன் நாக்கைக் கட்டிப்போட்டது. வர்க்கம் ஒரு காதலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை எத்தனையோ சமூக நாவல்கள் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கின்றன. ரூனி அதைக் கேட்கப்படாத ஒரு கேள்வியில் வைத்துவிட்டார். மறுப்பும் சம்மதமும் வாய்விட்டுச் சொல்லப்படாத இடத்தில் இருவருமே தோற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது டோடி ஸ்மித் 1948இல் வெளியிட்ட 'ஐ கேப்சர் தி காஸில்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் இருந்துகொண்டு, இங்கிலாந்தை நினைத்து ஏங்கி அவர் எழுதிய நாவல். இடிந்த கோட்டையொன்றில் வறுமையில் வாழும் குடும்பம். பதினேழு வயது கசாண்ட்ரா நாட்குறிப்பாகக் கதை சொல்கிறாள். எழுதும் குறிப்பேடுகூட ஆறு பென்ஸ், ஒரு ஷில்லிங், இரண்டு கினி என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்ட சைமனை அவள் உள்ளுக்குள் நேசிக்கிறாள். அக்கா வேறொருவனோடு போய்விடுகிறாள். கடைசியில் சைமன் வந்து, தன்னோடு அமெரிக்கா வரச் சொல்லிக் கேட்கும் தறுவாய்க்கு வந்துவிடுகிறான். நாவல் முழுக்க அவள் காத்திருந்த கேள்வி அது. அவன் மனம் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவன் வாயிலிருந்து அது வருவதற்குள் பேச்சைத் திருப்பிவிடுகிறாள். விரும்பியது கைக்கெட்டும்போது, அது தான் விரும்பிய வடிவில் இல்லை என்று கண்டு விலக்குவது. பெரியவர்களுக்கே வாய்க்காத தெளிவு. அவளுக்குத் துயரம் குறையவில்லை, ஆனால் அவள் முழுமையாகத் தன்னோடு இருக்கிறாள். இது காதல் நாவலா என்று கேட்பவர்கள் உண்டு. இதைவிடக் காதல் நிறைந்த நாவலை நான் படித்ததில்லை.

இன்னொரு மறுப்பு: லூயிஸா மே ஆல்காட் 'லிட்டில் விமென்' முதல் பாகத்தை 1868இல் வெளியிட்டபின், நாயகி ஜோவை அவள் நண்பன் லாரிக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்று சிறுமிகள் கடிதம் எழுதித் தள்ளினார்கள். ஆல்காட் இணங்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் ஜோ லாரியை மறுக்கிறாள். இன்றும் வாசகிகள் ஆல்காட்டை மன்னிக்கவில்லை. நான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

காதல் ஒரு நாள் முடிந்துபோகலாம், முடிந்தால் உலகம் அழியாது என்று சொன்ன முதல் இளையோர் நாவல்களில் ஒன்று ஜூடி ப்ளூமின் 'ஃபாரெவர்' (1975). உறவுகொண்ட இளைஞர்களில் ஒருவராவது சாகாத கதை ஒன்று வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டதால் எழுதியது. கேத்தரின் மைக்கேலை நேசிக்கிறாள், அவனோடு கூடுகிறாள், பிறகு தன் மனம் மாறியதை உணர்ந்து அதை அவனிடமே சொல்கிறாள். அவளுக்குத் தண்டனை இல்லை. இந்த நூலை அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றச் சொல்லி ஐம்பது ஆண்டுகளாகக் கூக்குரல். 2024இல் யூட்டா மாநிலம் தன் அரசுப் பள்ளிகளிலிருந்து அகற்றிய 13 நூல்களில் இதுவும் ஒன்று. ஒரு பெண் தன் மனம் மாறியது என்று சொல்வது இவ்வளவு பேரை இவ்வளவு காலம் அச்சுறுத்துகிறது.

அலிஸ் ஓஸ்மனின் 'லவ்லெஸ்' (2020) இன்னும் ஒரு படி போகிறது. டர்ஹம் பல்கலைக்கழகத்துக்கு வரும் ஜார்ஜியாவுக்குக் காதல் கதைகள் என்றால் உயிர். தனக்கும் அது வரும் என்று காத்திருக்கிறாள். வருவதில்லை. வரவழைக்க முயன்று நல்ல நண்பன் ஒருவனை நோகடிக்கிறாள். காதலே தன் இயல்பில் இல்லை என்று மெல்ல அறிகிறாள். காதலை மறுக்கிற ஒருத்தியை நாயகியாக வைத்து, நட்பைக் காதலுக்குச் சமமான இடத்தில் வைக்கிறது இந்த நாவல். நடை எளியது, சில இடங்களில் பாடம் நடத்துகிறது. ஆனால் இப்படி இருக்கும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நூல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

தமிழுக்கு வருகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனை எத்தனையோ வீடுகளில் மூன்று தலைமுறைப் பெண்கள் படித்திருக்கிறார்கள். நாயகியைத் தவறாக எடைபோடும் செல்வந்த நாயகன், பின்பு அவன் தெளிவது என்பதே பல கதைகளின் கோடு. அந்தப் பெண்களின் தன்மானம் எனக்குப் பிடிக்கும். இன்று அந்த வாசகிகளும் அவர்களுடைய மகள்களும் இணையத் தொடர்கதைகளுக்குப் போய்விட்டார்கள். எழுதுபவர்களும் பெரும்பாலும் பெண்களே. வீட்டு வேலை முடிந்த இரவில், கைப்பேசியில் தட்டச்சு செய்து நாளுக்கோர் அத்தியாயம் பதிவேற்றும் அந்த உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

அங்கே 'ஆன்டி ஹீரோ' கதை என்றே ஒரு வகை செழித்திருக்கிறது. பழிவாங்கவோ பிடிவாதத்தாலோ நாயகன் அவள் கழுத்தில் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். பாதிக் கதைவரை கொடுமை. பிறகு அவன் வருந்துகிறான், அவள் மனம் கனிகிறது. இதை ஏன் இத்தனை பெண்கள் விரும்பிப் படிக்கிறார்கள் என்று நெடுநாள் யோசித்தேன். உன் விருப்பம் என்ன என்று யாருமே கேட்காமல் திருமணமான பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! கேட்காமல் கட்டப்பட்ட தாலியிலும் ஒருநாள் அன்பு வரலாம் என்ற கதை அவர்களுக்கு ஒரு பிடிமானம். தன்னை நோகடித்தவன் தன் காலடியில் கலங்கி நிற்கும் கடைசி அத்தியாயங்கள், வாழ்க்கையில் கிடைக்காத மன்னிப்பைக் கதையில் பெற்றுத்தருகின்றன. அந்த வாசகியை நான் ஒருபோதும் குறைசொல்லமாட்டேன். எழுதும் தோழியரிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அவன் வருந்தியபின் அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள். போய்விடும் உரிமை அவளுக்கு உண்மையாகவே இருக்கட்டும். அதன்பின் அவள் தங்கினால், அந்தத் தங்கலை நான் நம்புவேன்.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு, லட்சக்கணக்கானோர் படித்த நாவலே சான்று. காலின் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) நாவலில் ரைல் அழகன், அறுவை மருத்துவன், மனைவியை உயிராக நேசிப்பவன், அவளை அடிப்பவனும்கூட. வாசகி அவனை மன்னித்துவிடும் நிலைக்கு ஹூவர் கொண்டுவந்துவிடுகிறார். அப்போது, குழந்தை பிறந்த மருத்துவமனை அறையிலேயே அவன் மனைவி லில்லி மணவிலக்குக் கேட்கிறாள். நம் மகள் வந்து தன் கணவன் அடித்தான் என்று சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று அவனையே கேட்கிறாள். தன் தாயின் வாழ்க்கையிலிருந்து ஹூவர் எடுத்த கதை இது. நடையில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. மிகைச்சுவையும் அதிகம். ஆனால் வெகுசன நாவல் ஒன்று தன் வாசகிகளை இவ்வளவு தூரம் அழைத்துவந்து, அன்பு இருக்கும்போதே விலகலாம் என்று காட்டியது சிறிய செயல் அன்று.

நம் சிறார் இலக்கியத்தில் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. தவறான தொடுதலை எதிர்த்துப் பேசச் சிறுமிக்குத் துணிவு தரும் கதை. பத்து வயதில் அதைப் படித்த பிள்ளை பதினைந்து வயதில் என்ன படிப்பாள்? அங்கேதான் நம் அலமாரி வெறுமையாக இருக்கிறது. சிறார் நூலிலிருந்து நேராகப் பெரியவர்களின் நாவலுக்கோ கைப்பேசித் தொடருக்கோ தாவுகிறாள். வேண்டாம் என்று சொல்லக் கற்றவளுக்கு, விருப்பத்தோடு சரி என்று சொல்லவும் கற்றுக்கொடுக்கும் கதைகள் தமிழில் மிகக் குறைவு.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரில் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். எஸ்.இ. ஹின்டன் பதினைந்து வயதில் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கினார். அது 1967இல் வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு. பெரியவர்கள் எழுதித் தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எனக்கு ஒரு நாவல் எழுதித் தாருங்கள். அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போகிற பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளை நேசிக்கிற பையன். சாதி வேறாக இருக்கலாம், வீட்டு நிலை வேறாக இருக்கலாம், அவற்றை மறைக்காதீர்கள். அவன் கேட்கட்டும். அவள் வேண்டாம் என்று சொல்லட்டும், காரணம் சொல்லாமலேயே சொல்லட்டும். மறுநாள் காலை அதே பேருந்தில் அவன் என்ன செய்கிறான், எங்கே நிற்கிறான், நண்பர்கள் கேட்டால் என்ன சொல்கிறான் என்பதை ஓர் அத்தியாயம் முழுக்க எழுதுங்கள். அச்சில் வந்ததும் முதல் பிரதியை இந்தக் கல்லூரி நூலகத்துக்கு வாங்கித் தருவது என் பொறுப்பு.